சிரிப்பின் வாசல்: கூத்தும் பார்வையாளரும் பற்றிச் சில குறிப்புகள்

1

சதுரங்கப்பட்டினம் என்ற பெயரைக் கேட்டதுமே மனசுக்குள் ஓர் ஆட்டப் பலகை விரிந்துவிடுகிறது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே சுமார் 15 கிலோமீட்டரில், கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்தபடி ஒரு டச்சுக் கோட்டை சிதைந்து நிற்கிறது. வெள்ளைக்காரன் வாயில் ஊர்ப்பெயர் 'சட்ராஸ்' என்று சுருங்கிப்போனது. துணி வாங்க வந்த டச்சுக் கம்பெனிக்காரர்களின் கல்லறைகள் கோட்டைக்குள் இருக்கின்றன. 1782 பிப்ரவரியில் பிரெஞ்சுக் கப்பற்படையும் ஆங்கிலக் கப்பற்படையும் இந்தக் கடலில்தான் மோதிக்கொண்டன. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவனுக்கு அந்த ஆட்டத்தில் ஒரு காயைக்கூட நகர்த்தும் உரிமை இல்லை. அவன் நின்ற மண்தான் பலகை.

சதுரங்கத்தின் விதியே இதுதான்: ஆடுகிறவன் பலகைக்கு வெளியே உட்கார்ந்திருப்பான். காய்கள் உள்ளே இருக்கும். 2022இல் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடந்தபோது சென்னையில் நேப்பியர் பாலம் முழுவதற்கும் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள். வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' என்ற பெயரோடு ஊர் முழுக்கக் கும்பிட்டுக்கொண்டு நின்றது. பாலத்தின்மேல் போன ஒவ்வொருவரும் கொஞ்ச நேரம் சதுரங்கக் காயாக இருந்தார்கள். ரசிக்கும்படியான வேடிக்கைதான். ஆனால் அந்தக் காயை நகர்த்தியது போக்குவரத்து சிக்னல்.

பார்வையாளரை நாற்காலியிலிருந்து எழுப்பி நிகழ்வுக்குள் இழுத்துவிடுவது பற்றி இன்று உலகமெங்கும் பேசுகிறார்கள். அதற்கென்று வடிவமைப்பாளர்கள் இருக்கிறார்கள், டிக்கெட் இருக்கிறது, பெரிய முதலீடு இருக்கிறது. அதுவும் விளையாட்டாக, சிரிக்கச் சிரிக்க இழுக்க வேண்டும் என்கிறார்கள். இதில் நமக்கு எழுகிற கேள்வி ஒன்றே ஒன்று. உள்ளே வந்தவன் ஆடுகிறவனா, காயா? தொண்டைமண்டலத்துக் கூத்து இந்தக் கேள்விக்கு நெடுங்காலமாகத் தன் பாணியில் பதில் சொல்லி வந்திருக்கிறது. சில இடங்களில் நல்ல பதில், சில இடங்களில் மோசமான பதில். இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் குறிப்புகளின் நோக்கம்.

2

முதலில் ஒரு பூனை.

மாமல்லபுரத்தில் 'அருச்சுனன் தபசு' என்று சொல்லப்படுகிற 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலப் புடைப்புச் சிற்பத்தை எல்லோரும் பார்த்திருப்போம். நடுவில் ஒரு பிளவு. இடப்பக்கம் ஒற்றைக் காலில், கைகளைத் தலைக்குமேல் தூக்கி, விலா எலும்பு தெரிய ஒரு தவசி. அவன் அருச்சுனனா பகீரதனா என்று அறிஞர்கள் சண்டைபோட்டுக்கொள்ளட்டும். வலப்பக்கம் உண்மையான யானை அளவுக்கு யானைகள். பார்க்கிறவன் கண் முதலில் யானையில்தான் விழும். அப்புறம் மெல்லக் கீழே இறங்கினால் யானையின் காலருகில் ஒரு பூனை நிற்கிறது. அதே தவசியைப் போலப் பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு. சுற்றிலும் எலிகள்.

பாரதத்தில் உத்தியோக பருவத்தில் இந்தப் பொய்த்தவப் பூனையின் கதை வருகிறது. துரியோதனன் தருமனை ஏளனம் செய்து சொல்லியனுப்பும் கதை அது. ஆனால் கதை தெரியாதவனுக்கும் சிரிப்பு வருகிறது. எப்படி? தவசியைப் பார்த்துவிட்டு வந்த கண்தான் பூனையின் அபிநயத்தை அடையாளம் காண்கிறது. மேலே இருப்பதைக் கீழே இருப்பது 'பகடி' செய்கிறது. இரண்டையும் இணைத்துச் சிரிப்பை உண்டாக்குகிற வேலையைச் சிற்பி தானே செய்து முடிக்கவில்லை, பார்க்கிறவனிடம் விட்டுவிட்டான். பாறை அசையவில்லை, பார்வையாளன் அசைகிறான். அண்ணாந்து பார்க்கிறான், குனிகிறான், பக்கத்தில் இருப்பவனைத் தட்டி 'அதோ பாரு பூனை' என்கிறான்.

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். பூனையைச் செதுக்கியதால் தவம் கேலிக்குரியதாகிவிடவில்லை. தவத்தின் கனமும் அதன் கேலியும் ஒரே பாறையில், ஒரே உளியில் இருக்கின்றன. பின்னாளில் இதே பாறைக்கு முன்னால் மேடை போட்டு, நாற்காலி வரிசை கட்டி, அரசு நாட்டிய விழா நடத்திய காலம் உண்டு. அப்போது பாறை வெறும் 'பின்னணி' ஆயிற்று. நாற்காலியில் உட்கார்ந்தவன் கண்ணுக்குப் பூனை தட்டுப்பட்டிருக்காது.

3

இந்தப் பாறையில் உறைந்திருக்கிற அதே தபசு, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் உயிரோடு நடக்கிறது. பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்வார். இரவில் அந்தப் பகுதியைக் கூத்தாகக் கட்டுவார்கள். குறிப்பிட்ட சில கட்டங்கள் மட்டும் பகல் வெளிச்சத்தில், ஊரின் தெருவிலும் திடலிலும் சடங்காக நடக்கும். நாள் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். பதினெட்டு நாள் போர் என்பதால் பதினெட்டு நாள் நடத்துவதே சிறப்பு என்பார்கள்.

இங்கே 'மேடை' எது என்று கேட்டால் யாருக்கும் பதில் சொல்லத் தெரியாது. பகாசுரன் வதத்தன்று பீமன் வேஷக்காரர் சோறும் குழம்பும் ஏற்றிய வண்டியில் தெருத்தெருவாக வருவார். சோறு ஊர்ச்சோறு. தின்றுகொண்டே வருவார், வாரி இறைப்பார், பிள்ளைகள் பின்னால் ஓடும். கதையில் ஒவ்வொரு வீடும் பகாசுரனுக்குச் சோறு கொடுக்க வேண்டும். தெருவிலும் வீடுகள் கொடுக்கின்றன. அரிசி போட்ட வீட்டுக்காரி தன்னை அறியாமலே ஏகசக்கரபுரத்துக் குடிமகள் ஆகிவிடுகிறாள். விராட பருவத்து மாடுபிடி சண்டைக்கு ஊர் மாடுகளே வரும். அந்த மாடுகளுக்கு ஒத்திகை கிடையாது. அவை மிரண்டு ஓடுவதும், விரட்டப் போனவன் சேற்றில் விழுவதும் பிரதியில் இல்லாத நகைச்சுவை. ஆனாலும் கூத்து அதைத் தனதாக்கிக்கொள்கிறது.

அருச்சுனன் தபசன்று பனை உயரத்துக்கு மரம் நட்டு, படி வைத்து, வேஷக்காரர் படிக்கொரு பாட்டாகப் பாடி ஏறுவார். உச்சியிலிருந்து எலுமிச்சை, பூ, விபூதி எறிவார். கீழே பிள்ளை வரம் வேண்டி வந்த பெண்கள் முந்தானை ஏந்தி நிற்பார்கள். ஓர் எலுமிச்சைக்கு நூறு கை. தள்ளுமுள்ளு, சிரிப்பு, அழுகை எல்லாம் ஒன்றாக. அங்கே நிற்கிற பெண் நாடகம் 'பார்க்க' வரவில்லை. அவளுக்கு அதில் ஒரு காரியம் இருக்கிறது.

கடைசி நாள் படுகளம். திடலில் மண்ணால் துரியோதனன் உருவத்தை மல்லாக்கப் படுக்கவைத்து வண்ணம் தீட்டியிருப்பார்கள். அத்தனை பெரிய உருவம், ஆள் அதன்மேல் ஏறி நடக்கலாம். பீமனும் துரியோதனனும் கதையோடு ஒருவரையொருவர் துரத்திக்கொண்டு கூட்டத்துக்குள்ளேயே ஓடுவார்கள். ஜனம் சிதறும், மறுபடி கூடும். எந்தப் பக்கம் ஓடிவருவான் என்று தெரியாத பயம் பாதி, குதூகலம் பாதி. பீமன் தொடையில் அடித்ததும், திரௌபதி கூந்தல் முடிந்ததும், துரியோதனன் மனைவி முறமும் துடைப்பமுமாக வந்து ஒப்பாரி வைத்தபடியே புருஷனைச் சாத்துவாள். சாவு வீட்டில் இப்படி ஒரு சிரிப்பா? ஆமாம், சிரிப்புதான். அந்தத் துடைப்பம் விழும்போது சிரிக்கிற பெண்கள் யாரை நினைத்துச் சிரிக்கிறார்கள் என்பது அவரவருக்குத் தெரியும். அதன்பிறகு அந்த உருவத்து மண்ணைப் பிய்த்து வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். மாலையில் தீமிதி.

ஊரே குருக்ஷேத்திரம் ஆகிறது என்றால் இதுதான் அர்த்தம். சோறு, மாடு, எலுமிச்சை, மண் என்று கையில் பிடிக்கக்கூடிய ஏதாவதொரு பொருள் வழியாகத்தான் பார்வையாளர் உள்ளே போகிறார். 'வாருங்கள், பங்கேற்புச் செய்யுங்கள்' என்று யாரும் மைக்கில் அழைப்பதில்லை.

4

இரவுக் கூத்தில் அந்தப் பொருளின் வேலையை ஓர் ஆள் செய்கிறான், கட்டியங்காரன். அவனைக் 'கோமாளி' என்று சொல்லிக் கடந்துவிடுவது நம் வழக்கம். அவன் செய்கிற வேலைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அவன்தான் அந்த இரவின் கட்டுமானக்காரன் என்று தெரியும்.

முதல் வேலை, தான் விழுவது. வந்தவுடன் தன்னையே கேலிசெய்துகொள்கிறான். தன் உடம்பு, தன் சம்பளம், தன் பொண்டாட்டியிடம் வாங்கிய அடி. முதல் சிரிப்பு அவன் செலவில் நடக்கிறது. 'இங்கே சிரித்தால் தப்பில்லை' என்று ஜனங்களுக்குக் கிடைக்கும் அனுமதிச்சீட்டு அது.

இரண்டாவது, மொழியை இறக்குவது. திரைக்குப் பின்னால் ராஜா விருத்தம் பாடிக்கொண்டு நிற்பார். திரை விலகினால் முடியும் புஜகட்டையும் மார்ப்பதக்கமுமாக ஒரே ஜொலிப்பு. 'மண்டலம் புகழும் மகிபதி வந்தேன்' என்கிற தோரணையில் அவர் ஆரம்பித்தால் இவன், 'யாருங்க நீங்க, கரண்டு பில்லு கட்டச் சொல்லி வந்தவரா?' என்கிற தோரணையில் கேட்பான். ராஜா தன்னை விளக்கியாக வேண்டும். அந்த விளக்கம் கொச்சைத் தமிழில் ஜனங்களுக்குப் போய்ச் சேரும். இதை மொழிபெயர்ப்பு என்று மட்டும் சொன்னால் போதாது. அதிகாரம் தன் பெயரைத் தானே சொல்ல நிர்ப்பந்திக்கப்படுகிறது, அதுவும் ஒரு சேவகனிடம்.

மூன்றாவது, இடம் விடுவது. நல்ல கட்டியங்காரன் கேள்வி கேட்டுவிட்டுச் சற்றுப் பேசாமல் நிற்பான். கூட்டத்திலிருந்து ஒரு குரல் வரும். அவன் தயாராக வைத்திருந்த பதிலைவிட அது நன்றாக இருந்தால் அதையே எடுத்துக்கொண்டு ராஜாவிடம் போவான். 'ஊர்ல இப்படிச் சொல்றாங்க மகராஜா!' பார்வையாளன் சொன்ன சொல் அஸ்தினாபுரத்துக்குள் நுழைந்துவிட்டது. இந்தச் சில நொடி மௌனத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அதை எழுதிவைக்க முடியாது, ஆனால் அதற்கு இடம் ஒதுக்கிவைக்க முடியும்.

நான்காவது, பெயர் சொல்வது. இனாம் கொடுத்தவரின் பெயரைக் கூத்தை நிறுத்திச் சொல்வார்கள். நவீன நாடகக்காரனுக்கு இது எரிச்சல். ஆனால் இருட்டில் முகமற்றுக் கிடந்த கூட்டத்திலிருந்து ஓர் ஆள் பெயரோடு எழுந்து வருகிறான் என்று பார்த்தால் வேறு அர்த்தம் கிடைக்கும். காசில்லாதவன் பெயர் எப்போது வரும் என்ற கேள்வியும் கூடவே வரும்.

ஐந்தாவது, நேரம். பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை ஆடுகிற ஆட்டம். எப்போது கண் சொக்கும், எப்போது பிள்ளை அழும், எப்போது டீக்கடைப் பக்கம் கூட்டம் நகரும் என்பது அவனுக்குத் தெரியும். சிரிப்பை அவன் அங்கே வைத்திருப்பான்.

பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்டோ போவால் தம் 'ஃபோரம்' நாடகத்தில் பார்வையாளரை எழுந்துவந்து நடிகரை நகர்த்திவிட்டு ஆடச் சொன்னார். மேடைக்கும் ஜனத்துக்கும் இடையே நிற்பவருக்கு அவர் வைத்த பெயர் 'ஜோக்கர்'. சீட்டுக்கட்டில் எந்த வரிசையிலும் சேராத சீட்டு. நம் கட்டியங்காரனும் அப்படித்தான், பாண்டவர் பக்கமும் இல்லை, கௌரவர் பக்கமும் இல்லை. வங்காளத்தில் 1985இல் தொடங்கிய ஜன சம்ஸ்கிருதி குழு போவாலின் முறையைக் கிராமங்களுக்குக் கொண்டுபோய்ப் பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறது. நாம் போவாலைப் படித்துவிட்டுக் கட்டியங்காரனைத் திரும்பிப் பார்க்கிறோம். பாதை சுற்றுவழிதான், பாதகமில்லை.

5

விளையாட்டுக்குள் இழுப்பது பற்றிப் பேசுகிறவர்கள் விளையாட்டை நிறுத்துவது பற்றிப் பேசுவது குறைவு. கூத்து அதை மறக்கவில்லை.

துகிலுரிதல் இரவை நினைத்துக்கொள்ளுங்கள். துச்சாதனன் திரௌபதியின் சேலையில் கைவைக்க வேண்டும். அந்த இடத்தில் கூத்து நின்றுவிடும். துச்சாதனன் வேஷக்காரர் வேஷத்திலிருந்து இறங்கி, கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்பார். 'இது ஆட்டம், இதை ஆடும் எங்களைப் பொறுத்துக்கொள்' என்பதுதான் சாரம். அதன்பிறகே தொடுவார். சில நேரம் ஆடுகிறவருக்கே ஆவேசம் வந்துவிடும், பிடித்து உட்காரவைப்பார்கள்.

இதை வெறும் பக்தி என்று நாம் ஒதுக்கிவிடலாம். நான் அதை ஒரு நெறியாகப் படிக்கிறேன். ஒரு பெண்ணின் உடம்பு கூட்டத்தின் நடுவில் பகடைப் பொருளாகிற இடத்தில், ஆட்டம் தன்னை ஆட்டம் என்று அறிவித்துக்கொள்கிறது. பார்க்கிறவனுக்கும் ஓர் எச்சரிக்கை கிடைக்கிறது: அந்தச் சபையில் வாய்மூடி உட்கார்ந்திருந்தவர்களில் நீயும் ஒருவன். முழுக்க மூழ்கடிப்பதைவிட, மூழ்கியவனைத் தக்க நேரத்தில் தலைதூக்க வைப்பதுதான் கடினம்.

இதே கூத்தில் இன்னொரு பக்கமும் உண்டு, அதை மறைக்க வேண்டாம். பின்னிரவு நகைச்சுவையில் பெண்ணுடம்பைப் பற்றிய இரட்டை அர்த்தமும், வண்ணான், குறவன், அம்பட்டன் என்று தொழிலையும் சாதியையும் நையாண்டி செய்வதும் தாராளமாகப் புழங்கின. 'குறவன் குறத்தி ஆட்டம்' என்ற பெயரில் திருவிழாக்களில் நடந்த ஆபாச ஆட்டம் தங்களை இழிவுபடுத்துகிறது என்று வழக்காகி, 2023இல் தமிழக அரசு அதற்குத் தடை விதித்தது. கட்டியங்காரன் தான் விழுவதை விட்டுவிட்டு அடுத்தவனைத் தள்ளிவிடும்போது சிரிப்பின் திசை மாறிவிடுகிறது. மேலே பார்த்து எறிந்த கல் கீழே வந்து விழுகிறது. இந்தக் கலைக்குள்ளிருந்தே மாற்றமும் வந்திருக்கிறது. காஞ்சிபுரத்துக்கு அருகே பெ. ராஜகோபாலும் ஹன்னா டி ப்ருயினும் நடத்திய கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண்பிள்ளைகள் கூத்து படித்தார்கள், ராஜா வேஷம் கட்டினார்கள். திரௌபதியாக ஒரு பெண்ணே நிற்கும்போது பழைய ஜோக்குகளில் பல தொண்டையிலேயே நின்றுவிடும்.

6

இனி நம் கதைக்கு வருவோம்.

1977இல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கியபோது புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்து அதற்கு ஓர் ஊற்றாக இருந்தது. 1980இல் இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில், சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் பாதல் சர்க்கார் நடத்திய பட்டறை தமிழ் வீதி நாடகத்துக்குப் பெரிய உந்துதல் தந்தது. ஒளி, அரங்கப் பொருள், ஒப்பனை எதுவும் வேண்டாம், உடம்பும் ஜனமும் போதும் என்பது அவருடைய மூன்றாம் அரங்கு. அதற்குப் பிறகு எத்தனையோ குழுக்கள் தெருமுனையில் ஆடின. கட்டியங்காரனையும் சேர்த்துக்கொண்டோம். ஆனால் அவனிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டது குல்லாயையும் குரலையும். அவன் விடுகிற இடத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

சில வருஷங்களுக்கு முன் சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்தில் நாங்கள் ரேஷன் கடை பற்றி ஒரு நாடகம் போட்டோம். பார்வையாளரை உள்ளே கொண்டுவர வேண்டும் என்று எங்களுக்கு ஆசை. கூட்டத்தையே ரேஷன் வரிசையாக நிறுத்துவது என்று 'வடிவமைத்திருந்தோம்'. கட்டியங்காரன் வேஷம் நான். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியின் கையைப் பிடித்து எழுப்பினேன். கூட்டம் சிரித்தது. பாட்டி கூசிப்போய் ஒரு கணம் நின்றாள். அப்புறம் சொன்னாள்:

'ஏம்பா, அங்க நின்னு நின்னுதான் காலு வீங்கிக் கெடக்குது. பொழுது சாய கொஞ்சம் உக்காரலாம்னு வந்தா, நீயும் நிக்கவெக்கிறியே?'

திடல் அதிர்ந்தது. நாங்கள் எழுதிய அத்தனை வசனத்தையும் அந்த ஒரு வாக்கியம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. ரேஷன் கடை பற்றியும் சொல்லிவிட்டது, எங்களைப் பற்றியும் சொல்லிவிட்டது. நான் என்ன செய்தேன்? மனப்பாடம் செய்த அடுத்த வரியைச் சொன்னேன். பிரதியில் அவளுடைய பதிலுக்கு இடம் இல்லை. பாட்டி கையை உதறிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள். நாடகம் 'வெற்றிகரமாக' முடிந்தது.

அன்றைக்கு நடந்த தவறு ரொம்ப எளிமையானது. விழ வேண்டியவன் நான், விழச் செய்தது அவளை. கேட்டுவிட்டு நிற்க வேண்டியவன் நான், நிறுத்திவைத்தது அவளை. நம் நாடகங்களில் மந்திரியையும் முதலாளியையும் கேலி செய்வது சுலபம். அவர்கள் அங்கே இல்லை. அங்கே இருக்கிறவளோடு சிரிப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

நியூயார்க்கில் 2011 முதல் 2025 ஜனவரி வரை ஓடிய 'ஸ்லீப் நோ மோர்' என்ற நிகழ்வு இந்த வகைக்கு உலகப் பிரசித்தமான உதாரணம். ஒரு கிடங்கை ஹோட்டலாக ஜோடித்து, மக்பெத் கதையை அறை அறையாக நடத்தினார்கள். பார்வையாளர் எங்கே வேண்டுமானாலும் திரியலாம். ஆனால் முகத்தில் வெள்ளை முகமூடி, வாய் திறக்கக்கூடாது. மூழ்குவதற்கு அது ஒரு வழி. அங்கே எங்கள் குப்பத்துப் பாட்டி போயிருந்தால் காசு கொடுத்து ஊமையாகியிருப்பாள். எங்கள் நாடகத்தில் காசு கொடுக்காமலே ஊமையாகியிருக்க வேண்டியவள், எங்கள் அனுமதி இல்லாமல் பேசிவிட்டாள்.

7

களியாட்டத்தில் ஆடுகிறவன், பார்க்கிறவன் என்ற பிரிவே கிடையாது, எல்லோரும் அதற்குள் வாழ்கிறார்கள் என்று மிகயீல் பக்தின் எழுதியதைச் சிறுபத்திரிகை வாசகர்கள் நிறையப் படித்திருக்கிறோம். படுகளத்தைப் பார்க்கும்போது அது உண்மை என்றே தோன்றும். ஆனால் அந்த 'எல்லோரும்' யார்? பக்தினை வைத்துக் கூத்தைக் கொண்டாடுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும்.

விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தருமராஜா திரௌபதி அம்மன் கோயில். 2023 ஏப்ரலில் திருவிழாவின்போது உள்ளே போன தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். பேச்சுவார்த்தை தோற்று, ஜூனில் வருவாய்த்துறை கோயிலுக்கு சீல் வைத்தது. 2024 மார்ச்சில் உயர்நீதிமன்ற உத்தரவின்பேரில் பூசைக்கு மட்டும் திறந்தார்கள். 2025 ஏப்ரலில்தான் போலீஸ் காவலோடு தலித் மக்கள் உள்ளே போய் வழிபட முடிந்தது. சபையில் நீதி கேட்ட திரௌபதியின் கோயிலில் இது நடந்தது.

இதைக் கூத்துக்குச் சம்பந்தமில்லாத வேறு பிரச்சினை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள முடியாது. ஊரே குருக்ஷேத்திரம் ஆகிறது என்றேன். ஊர் என்று சொல்லும்போதே சேரி வெளியே போய்விடுகிறது. பீமனின் சோற்று வண்டி எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது? பல ஊர்களில் பறை அடிக்க ஆள் வேண்டும், அடித்தவர் வாசலோடு நிற்க வேண்டும். எலுமிச்சைக்கு ஏந்துகிற நூறு முந்தானைகளில் எந்த முந்தானைக்கு இடமில்லை? பார்வையாளரை முழுமையாக உள்ளிழுக்கிற ஒரு நிகழ்வு, அந்த முழுமையாலேயே, உள்ளே விடப்படாதவரை இன்னும் கடுமையாக வெளியே தள்ளுகிறது. நாற்காலி நாடகத்தில் டிக்கெட் வாங்கியவன் யாராக இருந்தாலும் உட்காரலாம். ஊரையே அரங்காக்கினால் ஊரின் விதிகள்தான் அரங்கின் விதிகள்.

ஆகவே கூத்தைப் புனிதப்படுத்தவும் வேண்டாம், 'நிலப்பிரபுத்துவ எச்சம்' என்று தூக்கியெறியவும் வேண்டாம். அதன் பொறிமுறை அரியது. சோறும் மண்ணும் கொடுத்து உள்ளே அழைப்பது, தான் முதலில் விழுவது, பதிலுக்கு இடம் விடுவது, கற்பூரம் ஏற்றி நிறுத்துவது என்று எல்லாம் நமக்கு வேண்டும். அதன் எல்லைக்கோடு நமக்கு வேண்டாம். கோட்டை விட்டுவிட்டுப் பொறிமுறையை மட்டும் எடுத்துக்கொள்வது சுலபமல்ல. சோற்று வண்டி காலனிக்குள் போக வேண்டுமென்றால் முதலில் ஊருக்குள் ஒரு சண்டை நடந்தாக வேண்டும். அந்தச் சண்டையைக் கலை செய்து கொடுக்காது. செய்கிறவர்களோடு நிற்கலாம்.

8

நாடகம் போடுகிற நண்பர்களுக்காகச் சில கேள்விகளை இப்படிச் சுருக்கி வைக்கிறேன். ஒத்திகையில் பயன்படலாம்.

பார்வையாளர் கையில் என்ன கொடுக்கிறோம்? முதல் சிரிப்பு யார் செலவில்? அவர் 'வர மாட்டேன்' என்று சொன்னால் மானம் போகாமல் உட்கார வழி இருக்கிறதா? அவர் பேசினால் அந்தப் பேச்சு கதைக்குள் போகுமா, காற்றில் போகுமா? யாரையாவது காயப்படுத்துகிற இடம் வந்தால் யார் நிறுத்துவது, எப்படி நிறுத்துவது? அப்புறம், நாம் வட்டம் போட்டு ஆடுகிற இடத்துக்கு இந்த ஊரில் யாரால் வர முடியாது?

கடைசிக் கேள்விக்கு ஒத்திகைக் கூடத்தில் பதில் கிடைக்காது. முதல்நாளே ஊருக்குப் போய், இரண்டு பக்கத் தெருவிலும் டீ குடித்துப் பார்க்க வேண்டும்.

அந்த ரேஷன் நாடகத்தை இன்னும் ஆடுகிறோம். வரிசையில் இப்போது நான்தான் நிற்கிறேன், ஜனங்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். 'எவ்ளோ நேரம் நிக்கிறது, நீங்களே சொல்லுங்க' என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்க வேண்டும். பிரதியில் அதற்குக் கீழே நான்கு வரி வெறுமையாக விட்டிருக்கிறோம். சில ஊரில் அது நிரம்புகிறது. சில ஊரில் யாரும் வாய் திறப்பதில்லை, கால் வலிக்கும்வரை நிற்கிறேன்.